ஹாலோவீன் இரவுக்கு எந்தக் கதை, எந்த இனிப்பு?

அக்டோபர் 31 அன்று டப்ளினில் மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவதால், இருட்டு சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் அந்த வாரம் விடுமுறை. பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், பை நிறைய மிட்டாயும் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலையும் வாங்கிக்கொண்டு ஏழு மணிவாக்கில் திரும்புவார்கள். ஏழிலிருந்து ஒன்பது வரை எங்கள் வீட்டு முன்னறையில் எட்டு ஒன்பது பிள்ளைகள் இருப்பார்கள். என் சின்னவனுக்கு ஆறு வயது, மூத்தவளுக்குப் பதினொன்று, மற்றவர்கள் இடைப்பட்ட வயது. அவர்களுக்கு ஒரு பேய்க்கதை சொல்ல வேண்டும், வீட்டிலேயே செய்த இனிப்பு ஒன்றும் கொடுக்க வேண்டும்.

முதல் வருடம் கதையைத் தனியாகவும் இனிப்பைத் தனியாகவும் முடிவு செய்தேன். கதை உச்சத்துக்கு வரும் நேரத்தில் கேக் தட்டு உள்ளே வந்தது. அவ்வளவுதான், பிள்ளைகளின் கண் தட்டுக்குப் போய்விட்டது, கதை அங்கேயே அறுந்தது. அதற்குப் பிறகு இரண்டையும் ஜோடியாகவே யோசிக்கிறேன். இனிப்புக்குக் கதையில் ஒரு வேலை இருக்க வேண்டும். இந்தக் கணக்கில் இதுவரை நான்கு ஜோடிகளைச் செய்து பார்த்திருக்கிறேன். இந்த வருடம் எதைச் செய்யலாம் என்று யோசிக்கிற பெற்றோருக்கு அந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். கதையைப் புத்தகத்திலிருந்து வாசிப்பதா, வாயால் சொல்வதா? நான் வாயால் சொல்வதையே தேர்வு செய்வேன். வாசிக்கும்போது நம் கண் தாளில் இருக்கும், எந்தப் பிள்ளையின் முகம் வெளிறுகிறது என்று தெரியாது. சொல்லும்போது தெரியும். ஆறு வயதுக் குழந்தை போர்வையை இழுத்து மூக்குவரை மூடினால் குரலைக் கொஞ்சம் இளக்கிவிடலாம். பெரிய பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தால் குரலைத் தாழ்த்தி, நடுவில் ஒரு நிமிடம் பேசாமலே இருக்கலாம். இருட்டில் ஒரு நிமிட மௌனம் எந்தப் பேயையும்விட நன்றாக வேலை செய்யும்.

பரங்கிக்காய் பையும் தலையில்லாக் குதிரைக்காரனும்

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் எல்லோரும் சொல்வது இந்த ஜோடியைத்தான். நியூயார்க்குக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் நடக்கிற கதை. அமெரிக்க விடுதலைப் போரில் பீரங்கிக் குண்டு தலையைக் கொண்டுபோன ஒரு ஜெர்மானியச் சிப்பாய், இரவுதோறும் தலையைத் தேடிக் குதிரையில் வருகிறான். ஒல்லியான பள்ளி ஆசிரியர் ஒருவர் விருந்து முடிந்து தனியாக வீடு திரும்பும் வழியில் அவனிடம் மாட்டிக்கொள்கிறார். மறுநாள் பாதையில் அவருடைய தொப்பியும், பக்கத்தில் சிதறிய ஒரு பரங்கிக்காயும் கிடக்கின்றன. வாஷிங்டன் இர்விங் இதை 1820இல் வெளியிட்டார். மூலக் கதையில் ஹாலோவீன் என்ற பேச்சே இல்லை, அந்தப் பரங்கியில் முகமும் செதுக்கவில்லை. அதெல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டவை. ஆனால் அந்த விருந்து மேசையில் பரங்கிக்காய் பை, அதாவது மாவு ஓட்டுக்குள் பரங்கி விழுதை ஊற்றிச் சுடும் இனிப்பு, இருக்கிறது. அதனால் இனிப்பு கதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, நாம் வலிந்து சேர்க்க வேண்டியதில்லை.

பை செய்வது கடினம் இல்லை, பொறுமைதான் வேண்டும். செதுக்குவதற்கென்று விற்கிற பெரிய பரங்கியில் செய்யாதீர்கள். அது நாரும் தண்ணீருமாக இருக்கும். சமையலுக்கு விற்கும் சின்னப் பரங்கியை வேகவைத்து மசித்து, மெல்லிய துணியில் கட்டி நீரை வடியவிட வேண்டும், அல்லது டப்பாவில் வரும் விழுதை வாங்கிக்கொள்ளலாம். 425 கிராம் விழுதுக்கு இரண்டு முட்டை, முக்கால் கப் சர்க்கரை, சுமார் 350 மில்லி சுண்டிய பால், பட்டை, சுக்கு, கிராம்பு. முதல் 15 நிமிடம் 220 டிகிரி, பிறகு 175 டிகிரியில் 40 முதல் 50 நிமிடம். நடுப்பகுதி மட்டும் லேசாக ஆட வேண்டும், ஓரம் ஆடக் கூடாது. எடுத்த பின் குறைந்தது இரண்டு மணி நேரம் ஆறினால்தான் துண்டு நிற்கும்.

என் தயக்கம் இரண்டு. கதை நீளம், நன்றாகச் சொல்ல 25 நிமிடமாவது வேண்டும். ஏழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், குதிரைக்காரனின் துரத்தல் முடிகிற பாலத்தைக் கதை அடைவதற்குள் நெளிய ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்தது, பையின் பதம். பால்கோவாவும் இல்லை, கேக்கும் இல்லை என்று ஒன்பது பிள்ளைகளில் நான்கு பேர் ஒரு கரண்டியோடு தட்டைத் தள்ளிவிட்டார்கள். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டுமே வருகிறார்கள் என்றால் இந்த ஜோடிதான் என் முதல் தேர்வாக இருக்கும். ஆசிரியருக்கு உண்மையில் என்ன ஆனது என்று இர்விங் சொல்லாமலே விட்டிருக்கிறார். பெரிய பிள்ளைகள் அரை மணி நேரம் அதையே வாதாடினார்கள்.

ஆத்ம கேக்கும் வீட்டுப் பெரியவர்களும்

இது சத்தமில்லாத ஜோடி. இங்கிலாந்தில், குறிப்பாகச் செஷயர், ஷ்ரோப்ஷயர் பக்கங்களில், ஏழைகளும் பிள்ளைகளும் இந்த நாட்களில் வீடு வீடாகப் போய்ப் பாடி, இறந்தவர்களின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்ல, வீட்டுக்காரர்கள் சின்ன வட்டக் கேக்குகளைக் கொடுப்பார்கள். மேலே சிலுவைக் குறி கீறியிருக்கும். நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் நாள், 2 எல்லா ஆன்மாக்களின் நாள். அந்த இரண்டாம் தேதியைத்தான் நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் என்று கொண்டாடுகிறார்கள். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிற அந்தச் சாயங்காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேக் எதற்கு என்று விளக்கவே வேண்டாம்.

செய்வது சுலபம். வெண்ணெயும் சர்க்கரையும் தலா 175 கிராம் குழைத்து, மூன்று மஞ்சள் கரு, 450 கிராம் மைதா, ஜாதிக்காயும் பட்டையும், ஒரு கை உலர்ந்த திராட்சை, பிசையத் தேவையான பால். தட்டி வட்டமாக வெட்டி, சிலுவை கீறி, 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். மாவைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடலாம். நான்கில் இது ஒன்றுதான் அவர்கள் கண் முன்னாலேயே தொடங்கி முடிகிறது.

ஆனால் இதற்கு அலற வைக்கும் கதை பொருந்தாது. முயற்சி செய்தேன், ஒட்டவில்லை. அந்த வருடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவர் இறந்த பிறகு பல நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய சைக்கிள் மணிச் சத்தம் கேட்பதாக அம்மா எழுந்து வாசலுக்குப் போனதைச் சொன்னேன். வந்திருந்த ஒரு பையன், அவன் பாட்டி எப்போதும் உட்காரும் நாற்காலியில் இப்போது யாரும் உட்காருவதில்லை என்று சொன்னான். அந்த இரவை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் பயப்படத் தயாராக வந்திருக்கும் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் இதைக் கொடுக்க முடியாது. வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்திருந்தால், அப்போது இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

பாகு ஆப்பிள்

குச்சியில் குத்திய ஆப்பிளைச் சிவப்புப் பாகில் முக்கி எடுப்பது. பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. பதம் நமக்குப் பழக்கமானதுதான். கடலை மிட்டாய்க்குப் பாகு வைக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அது டக்கென்று உடைகிறதா என்று பார்ப்போமே, அதே பதம். வெப்பமானியில் 150 டிகிரி. அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளையையும் நிற்கவிடக் கூடாது, ஆகவே அவர்களுக்கு இதில் வேலை கிடையாது. ஆறு ஏழு வயதில் பாதிப் பேருக்குப் பல் ஆடிக்கொண்டிருக்கும், கடிக்க முடியாமல் நக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். வாய் அடைத்திருப்பதால் கதைக்கு நடுவே ‘ஐயோ’ என்றுகூட ஒரு சத்தம் வராது.

கெட்டிப் பாகுக்குப் பதில் மென்மையான கேரமல் பூசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2014 கடைசியில் அமெரிக்காவில் பொட்டலத்தில் விற்ற கேரமல் ஆப்பிள்களால் லிஸ்டீரியா என்னும் கிருமித் தொற்று பரவி, 12 மாநிலங்களில் 35 பேர் நோயுற்றார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குச்சி குத்திய ஓட்டை வழியே ஆப்பிள் சாறு கசிந்து, தோலுக்கும் கேரமலுக்கும் நடுவே ஈரமாகத் தங்குகிறது. அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்தால் கிருமி அங்கே பெருகுகிறது. வீட்டில் செய்தால் ஆப்பிளை நன்றாகக் கழுவித் துடைத்து, அன்றே சாப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் குளிர்பெட்டியில் வையுங்கள். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் மிச்சம் வைக்கவே வேண்டாம்.

நான் இதை ஒரு வருடம்தான் செய்தேன். மறுபடி செய்ய மாட்டேன்.

கஞ்ச ஜாக்கும் மோதிர ரொட்டியும்

ஹாலோவீன் அமெரிக்காவில் பிறந்த பண்டிகை என்றுதான் இங்கே வரும்வரை நானும் நினைத்திருந்தேன். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்குகிற நாளை அயர்லாந்தின் பழைய குடிகள் சௌவின் என்று கொண்டாடினார்கள். அந்த இரவில் இறந்தவர்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவிலுள்ள கதவு திறந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. கப்பலேறிப் போன ஐரிஷ்காரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்களும்தான் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இங்கே டர்னிப் என்னும் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்களுக்கு, அங்கே அதைவிடப் பெரிதும் மென்மையுமான பரங்கிக்காய் கிடைத்தது.

டர்னிப் விளக்குக்குப் பின்னால் இருப்பது ஜாக்கின் கதை. ஜாக் மகா கஞ்சன், பெரிய எத்தன். ஒரு நாள் சாத்தானோடு உட்கார்ந்து மூக்குமுட்டக் குடிக்கிறான். காசு கொடுக்க மனம் இல்லை. ‘நீ ஒரு காசாக மாறிவிடு, கடைக்காரரிடம் நீட்டிவிடுகிறேன், அப்புறம் நீ பழையபடி ஆகிக்கொள்’ என்கிறான். சாத்தான் காசாக மாறியதும் அதை எடுத்துச் சட்டைப்பையில், சிலுவைக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறான். சாத்தானால் அசைய முடியவில்லை. தன்னை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சுகிறான். இன்னொரு தரம் ஜாக் அவனை ஆப்பிள் மரத்தில் ஏற்றிவிட்டு, அடிமரத்தில் சிலுவை கீறிவிடுகிறான். ‘என் உயிரை நீ எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சத்தியம் செய்’ என்கிறான், சாத்தானும் செய்கிறான். கடைசியில் ஜாக் சாகிறான். சொர்க்கத்தில் இடம் இல்லை. நரகத்துக்குப் போனால், ‘சத்தியம் செய்துவிட்டேனே, நீ இங்கேயும் வர முடியாது’ என்று சாத்தான் கதவைச் சாத்துகிறான். ‘இந்த இருட்டில் நான் எப்படிப் போவேன்?’ என்று ஜாக் கேட்க, சாத்தான் அணையாத ஒரு நெருப்புத் துண்டை எடுத்து எறிகிறான். ஜாக் தின்றுகொண்டிருந்த டர்னிப்பைக் குடைந்து, அந்த நெருப்பை உள்ளே வைத்துக்கொண்டு, இன்றுவரை நடக்கிறான்.

சதுப்பு நிலத்தில் இரவில் மினுங்கி மினுங்கி நகரும் வெளிச்சத்துக்கு ஜாக்கின் லாந்தர் என்று பெயர். அழுகும் செடிகொடிகளிலிருந்து கிளம்பும் வாயு எரிவதுதான் அது என்று பொதுவாகச் சொல்வார்கள். இதை முதல் தடவை கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏரிக்கரைப் பக்கம் சாயங்காலம் போகாதே, கொள்ளிவாய்ப் பிசாசு வாயைத் திறந்து மூடும் என்று ஆயா சொன்னது இதே வெளிச்சத்தைத்தானே! போன வருடம் கதையில் இந்த இடம் வந்ததும் ஆயாவின் ஏரியையும் சேர்த்துச் சொன்னேன். சின்னவன் மெல்லக் கேட்டான்: “அம்மா, ரெண்டு பேரும் ஒரே ஆளா?” அறையில் ஒரு சத்தம் இல்லை. ‘தெரியலைடா’ என்று மட்டும் சொல்லிவிட்டு, டர்னிப்புக்குள் இருந்த விளக்கை மேசைக்கு நகர்த்தினேன். பேட்டரி விளக்குதான், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் மெழுகுவத்தி வைப்பதில்லை.

இந்த டர்னிப்பைக் குடைவதுதான் பெரிய வேலை. அயர்லாந்தில் டர்னிப் என்று சொல்வது உள்ளே மஞ்சளாக இருக்கும் பெரிய, கெட்டியான கிழங்கை. கரண்டியால் சுரண்டிச் சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், மணிக்கட்டு வலிக்கும். ஆனால் சுருங்கிய அந்தச் சின்ன முகத்தில் இருக்கிற பயங்கரம் பரங்கிக்காயில் வராது. மேயோ மாவட்டத்தில் இருக்கும் தேசிய அருங்காட்சியகக் கிளையில் பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. கதை தொடங்கும் முன் அதன் படத்தைக் காட்டுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

இதோடு சேர்கிற இனிப்பு பார்ம்பிராக். ஐரிஷ் மொழியில் ‘புள்ளி போட்ட ரொட்டி’ என்று பொருள். உள்ளே திராட்சை புள்ளி புள்ளியாகத் தெரியும். மாவுக்குள் அந்தக் காலத்தில் சில பொருள்களை ஒளித்து வைப்பார்கள். மோதிரம் கிடைத்தவருக்கு ஒரு வருடத்துக்குள் கல்யாணம், காசு கிடைத்தால் செல்வம், கந்தல் துணி வந்தால் வறுமை, பட்டாணி வந்தால் அந்த வருடம் கல்யாணம் இல்லை. குச்சி கிடைத்தவருக்குச் சண்டையும் சச்சரவுமான இல்வாழ்க்கை. இன்றைக்கும் கடையில் விற்கும் பிராக்கில் மோதிரம் இருக்கும்.

ஈஸ்ட் போட்டுச் செய்யும் முறையும் உண்டு, நான் செய்வது தேநீரில் ஊறவைக்கும் முறை. 29ஆம் தேதி இரவு 375 கிராம் உலர்ந்த திராட்சைக் கலவையில், நம் வீட்டு டீத்தூளைக் கறுப்பாகக் கொதிக்கவிட்டு வடிகட்டிய 300 மில்லி டிகாஷனைச் சூடாக ஊற்றி மூடி வைத்துவிடுகிறேன். காலையில் மூடியைத் திறந்தால் கிண்ணத்தில் தேநீர் அநேகமாக இருக்காது. சுருங்கிக் கிடந்த திராட்சை எல்லாம் மொழுமொழுவென்று உப்பி, விரலால் அழுத்தினால் நழுவும். வாசனையில் சமையலறையே வேறு வீடு மாதிரி இருக்கும். அதில் 125 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு முட்டை, 225 கிராம் பேக்கிங் பவுடர் கலந்த மைதா, ஒன்றரை தேக்கரண்டி பட்டை, ஜாதிக்காய், கிராம்புப் பொடி. கரண்டியால் கலக்கினால் போதும். வெண்ணெய் உள்ளே சேர்வதில்லை. நீளமான ரொட்டி அச்சில் ஊற்றி 165 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முட்டை சேர்க்காதவர்கள் வந்தபோது மூன்று மேசைக்கரண்டி தயிர் விட்டேன். துண்டு போடும்போது சற்று உதிர்ந்தது, சுவையில் ஒரு குறையும் இல்லை.

ரொட்டி ஆறிய பின் அடிப்பக்கத்தில் கத்தியால் கீறி, வெந்நீரில் போட்டு எடுத்து வெண்ணெய்த் தாளில் கெட்டியாகச் சுற்றிய மோதிரத்தைச் செருகிவிடுகிறேன். காசும் அப்படித்தான். தாளின் முனை பெரிதாக இருக்க வேண்டும், வாயில் வைக்கும் முன் கண்ணில் படவேண்டும். உள்ளே பொருள் இருக்கிறது என்று எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே யாராவது வந்தால், அவர்களின் துண்டை நானே பிய்த்துப் பார்த்துக் கொடுக்கிறேன்.

இந்த ஜோடிதான் மற்ற மூன்றையும் மிஞ்சுகிறது என்பேன். ரொட்டியை 30ஆம் தேதியே சுட்டுவிடலாம், மறுநாள் இன்னும் மெத்தென்று ருசி கூடும், அதனால் அன்று மாலை என் கை ஓய்வாக இருக்கும். கதை பன்னிரண்டு நிமிடத்தில் முடியும், ஆறு வயதுக்காரர்களும் தாங்குவார்கள். எல்லாவற்றுக்கும் மேல் அந்தக் காசு. ஜாக் சாத்தானைக் காசாக்கிப் பையில் போட்டான் என்று சொல்லி நிறுத்தி, கத்தியை எடுத்துப் பிராக்கின் மேல் வைத்தால், ‘இந்த ரொட்டிக்குள்ளேயும் ஒரு காசு இருக்கிறது’ என்று நான் சொல்ல வேண்டியதே இல்லை. எட்டுத் தலைகளும் மேசைப் பக்கம் சாய்கின்றன. கத்தி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மூச்சு நிற்கிறது. எதிலாவது தட்டுப்பட்டால் அந்தக் ‘கிர்’ சத்தம் கைக்கே முதலில் தெரியும்.

வீட்டில் அடுப்புப் பெட்டி இல்லாதவர்களுக்கும் கதை சொல்லும் துணிவு இன்னும் வராதவர்களுக்கும் கடையில் வாங்கிய பிராக்கே போதும், துண்டு போடுவதை மட்டும் பிள்ளைகள் முன்னால் செய்யுங்கள். வெண்ணெய் தாராளமாகத் தடவுங்கள்.

போன வருடம் காசு கிடைத்தது, மோதிரம் கிடைக்கவில்லை. ஒன்பது மணி ஆகிவிட்டது, பெற்றோர்கள் வாசலில் நின்றார்கள், ரொட்டியில் இன்னும் மூன்று துண்டு பாக்கி. தாளில் சுற்றி எடுத்து வைத்தேன். மறுநாள் காலை எட்டரை மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் எதிர்வீட்டுப் பிள்ளைகள் இருவர், இரவு உடுப்புக்கு மேலேயே குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அந்த மூன்று துண்டையும் வெட்டியாயிற்றா என்று கேட்டார்கள்.